ஒரே கூரையின் கீழ் நிகழாத மரணங்கள்

2014 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, குழந்தைகள் தினம். அன்று தொடங்கி ஐந்து நாட்களுக்குள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்துக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்தன. ஓ. பன்னீர்செல்வம் முதல்வராகவும் சி. விஜயபாஸ்கர் சுகாதார அமைச்சராகவும் இருந்த காலம். சென்னையிலிருந்து மருத்துவக் குழு வந்தது. தொலைக்காட்சி வண்டிகள் வந்தன. கட்சிக்காரர்கள் வந்தார்கள். குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிறக்கும்போதே மூச்சுத்திணறல், வேறு இடங்களிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தவை என்று அரசுத் தரப்பு காரணங்களை அடுக்கியது. சிகிச்சையில் அலட்சியம் இல்லை என்றது. சில வாரங்களில் ஊடகங்கள் வேறு செய்திக்குப் போய்விட்டன.

அந்த விளக்கம் உண்மையா, பொய்யா என்று வாதாடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர். 2014-இல் தமிழகத்தின் பிறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு 15-ஐ ஒட்டி இருந்தது. சிசு மரண விகிதம், அதாவது உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை, 20. அகில இந்திய விகிதம் அப்போது 39. மாநிலச் சராசரியைத் தருமபுரியின் மேல் வைத்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 23,000 பிறப்பு, 460 சிசு மரணம். வாரத்துக்கு 9.

ஆக, அந்த நவம்பர் வாரத்தில் நடந்தது மாவட்டத்துக்குப் புதிதல்ல. மற்ற வாரங்களில் ஒன்று அரூரில், ஒன்று பாலக்கோட்டில், ஒன்று பென்னாகரத்தில், ஒன்று சேலம் போகும் வழியில், ஒன்று தனியார் மருத்துவமனையில், ஒன்று வீட்டிலேயே என்று சிதறிக் கிடந்தவை அந்த வாரம் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்துவிட்டன. அதனால் கேள்வி எழுந்தது. சிதறியிருந்தால் எழுந்திருக்காது. இதை மருத்துவமனைக்குச் சாதகமான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாவட்டத்தில் மருத்துவம் பார்ப்பவர்களிடம் கணக்குக் கேட்கும் ஏற்பாடு சாவு கொத்தாக விழுந்தால் மட்டுமே விழித்துக்கொள்கிறது என்பதுதான் இந்தக் கணக்கு காட்டும் ஆபத்து.

‘எடைக்குறைவு, தாமதமாக வந்தது’ என்ற பதிலில் விசாரணை முடிந்திருக்கக் கூடாது; அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். எடை ஏன் குறைந்தது? தாய்க்கு வயதென்ன, ரத்தத்தின் அளவென்ன, கிராம சுகாதார செவிலியர் எத்தனை முறை பார்த்தார்? தாமதம் எந்த இடத்தில் நேர்ந்தது? தருமபுரிக்காரர்களுக்கு ‘சேலத்துக்கு எழுதிட்டாங்க’, அதாவது மேல்சிகிச்சைக்கு அனுப்பச் சீட்டு எழுதிவிட்டார்கள், என்ற பேச்சு நன்றாகத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையம் வட்ட மருத்துவமனைக்கு எழுதும். வட்ட மருத்துவமனை தருமபுரிக்கு எழுதும். தருமபுரி, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு எழுதும். சித்தேரி மலையிலிருந்தோ, தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன கோட்டூர் மலையிலிருந்தோ புறப்படும் கர்ப்பிணி, 108 வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து சேர்வதே ஒரு பயணம். அதற்குப் பிறகுதான் இந்த எழுதல்கள். எழுதிய ஒவ்வொரு கையும் தன் பங்கைச் சரியாகச் செய்ததாகவே தாளில் இருக்கும். கடைசியில் குழந்தை யார் கையில் இறக்கிறதோ அவர்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். அவர் பெரும்பாலும் பயிற்சி மருத்துவராகவோ இரவுப்பணி செவிலியராகவோ இருப்பார்.

தாமதத்தைத் தாமதமாகும்போதே கண்டுபிடிக்க ஒரு வழி இதே மாவட்டத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது என்பது இன்று பலருக்கு நினைவில்லை. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், ‘சமூகக் கண்காணிப்பு’ என்ற ஏற்பாட்டை 2007-இல் ஒன்பது மாநிலங்களில் முன்னோட்டமாக நடத்தியது. தமிழ்நாட்டில் தேர்வான ஐந்து மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. கன்னியாகுமரி, வேலூர், பெரம்பலூர், திருவள்ளூர் மற்றவை. ஐந்திலும் சேர்த்து 225 ஊர்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் களத்தில் நின்றன. முறை எளிமையானது. ஊர்க் குழு உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும்: செவிலியர் ஊருக்கு வருகிறாரா, பிரசவத்துக்கு யாராவது பணம் கேட்டார்களா, நிலையத்தில் மருத்துவர் எந்த நேரத்தில் இருக்கிறார், மருந்து இருக்கிறதா, உதவித்தொகை கைக்கு வந்ததா. பதில்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்களாகி ஓர் அட்டையில் ஏறும். படிக்கத் தெரியாதவரும் தன் ஊர் சிவப்பில் நிற்பதைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த அட்டையோடு ஊர்க்காரர்கள் மருத்துவ அலுவலர் முன்னால் உட்காருவார்கள்.

மருத்துவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை. எழுத்தறிவற்ற கூலித் தொழிலாளி தனக்கு மதிப்பெண் போடுவதை எம்.பி.பி.எஸ். படித்த யாரும் முதல் நாளே வரவேற்க மாட்டார்கள். ஆனால் ஊர்க்காரர்களுக்கும் அந்த உரையாடலில் ஒன்று கிடைத்தது: மருத்துவர் வராததற்கு அவருடைய சோம்பல் மட்டும் காரணமாக இருக்காது, நிரப்பப்படாத பணியிடமும் பழுதான வண்டியும் இருக்கலாம் என்ற தகவல். குறையின் முகவரி தெரிந்தால்தான் கோபம் சரியான கதவைத் தட்டும்.

முன்னோட்டம் சில ஆண்டுகளில் நின்றது. மகாராஷ்டிரத்தில் இதே ஏற்பாடு பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. இங்கே அரசு அதைத் தன் வழக்கமாக்கிக்கொள்ளவில்லை. ஒரு பொருத்தம் கவனிக்கத் தக்கது. தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ்தான் 2014 நவம்பரில் தருமபுரியின் நாடாளுமன்ற உறுப்பினர். திட்டத்தை உருவாக்கிய துறையின் முன்னாள் அமைச்சரே தொகுதியின் உறுப்பினராக இருந்தும், இறந்த குழந்தைகளின் ஊர்களில் வண்ண அட்டை என்ன நிறத்தில் இருந்தது என்று அப்போது பெரிய அளவில் விவாதம் எழவில்லை. கேட்பதற்கு அட்டையும் இல்லை.

சமூகக் கண்காணிப்பு ஏதோ மந்திரக்கோல் என்று நினைத்துவிடவும் கூடாது. உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களில் நடந்த சோதனையில், மதிப்பெண் அட்டையோடு மக்களும் ஊழியர்களும் உட்கார்ந்து பேசிய பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. உலகமே கொண்டாடியது. பின்னர் அதே நாட்டில் 376 நிலையங்களில் இதைப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். சிகிச்சையின் தரத்தில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது, இறப்பு குறையவில்லை. அட்டை கேள்வியைத்தான் எழுப்பும். பதில் சொல்ல வேண்டியவரிடம் மருந்தும் ஆளும் அதிகாரமும் இல்லாவிட்டால் கேள்வி கேள்வியாகவே நிற்கும்.

கேள்வியும் அதிகாரமும் ஒரே மேசையில் சந்தித்த ஓர் இடம் தமிழ்நாட்டில் உண்டு: தாய் இறப்பு ஆய்வு. 1990-களின் நடுவில் தொடங்கி, 2004-இல் அரசாணையால் கட்டாயமான நடைமுறை. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதற்கடுத்த 42 நாட்களிலோ ஒரு பெண் இறந்தால், அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் தகவல் தர வேண்டும்; வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும்; மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கூட்டத்தில், இறந்தவரின் குடும்பத்தாரும் வந்து நடந்ததைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இங்கே ஒற்றைச் சாவுக்கும் கணக்கு உண்டு. 2001-03-இல் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தமிழகத்தின் தாய் இறப்பு விகிதம் 2018-20-இல் 54 ஆகியது. இரவும் பகலும் இயங்கும் ‘சீமாங்’ எனப்படும் அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்கள், ரத்த வங்கிகள், 2008-இல் வந்த 108 என்று பல கைகள் சேர்ந்த சாதனை இது. ஆனால் ஒவ்வொரு சாவையும் பெயரோடு விசாரிக்கும் பழக்கத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு நோய் பிடித்திருக்கிறது. விசாரணை அறைக்குள் நடக்கிறது, முடிவு அறைக்குள்ளேயே தங்குகிறது. ஊருக்குத் தெரிவதில்லை. எனவே கீழ்மட்ட ஊழியருக்கு அது பாடமாக வந்து சேர்வதில்லை, ‘மெமோ’வாகத்தான் வருகிறது. மெமோவுக்குப் பயந்தவர் என்ன செய்வார்? கொஞ்சம் சிக்கலான கர்ப்பிணி வந்தாலும் தன் நிலையத்தில் எதுவும் நேரக் கூடாது என்று மேலே எழுதிவிடுவார். கணக்குக் கேட்பதற்காக வைத்த ஏற்பாடே ‘சேலத்துக்கு எழுது’ என்ற பழக்கத்துக்கு உரமாகிவிடுகிறது. மக்கள் இல்லாத கண்காணிப்பு, பழியை அடுத்த கைக்குத் தள்ளும் வித்தையை நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

குழந்தை இறப்புக்கும் இதுபோன்ற ஆய்வு வழிகாட்டியை மத்திய அரசு 2014-இல்தான் வெளியிட்டது. தருமபுரிச் சம்பவம் நடந்த அதே ஆண்டு.

இதுவரை பேசியது பெரும்பாலும் அரசு மருத்துவமனை. அங்கே கேட்பதற்கு ஆட்சியராவது இருக்கிறார், சட்டமன்ற உறுப்பினராவது இருக்கிறார், நோயாளர் நலச் சங்கம் என்ற பெயர்ப்பலகையாவது இருக்கிறது. பிரசவ வார்டில் ஆண் குழந்தைக்கு ஒரு தொகை, பெண் குழந்தைக்கு அதைவிடக் குறைவாக ஒரு தொகை என்று கைநீட்டும் பழைய அவலத்தைக்கூட மனுவாக எழுதிப் போட ஒரு பெட்டி இருக்கிறது. தனியாரில் என்ன இருக்கிறது?

தனியார் மருத்துவமனைகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-இல் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018-இல் வந்தன. இடையில் 21 ஆண்டுகள். சட்டம் பிறந்தபோது பிறந்த குழந்தை மருத்துவப் படிப்பில் பாதியைக் கடந்திருக்கும். இதற்கு நடுவில், 2008-இல், மருத்துவமனைகளையும் ஊழியர்களையும் தாக்குவோருக்கு எதிராகத் தனிச் சட்டம் ஒன்று வந்தது. பிணையில் வெளிவர முடியாத குற்றம், பத்தாண்டு வரை சிறை. அந்தச் சட்டம் தேவைதான். இரவுப்பணியில் தனியாக நிற்கும் செவிலியரை அடிப்பதை எந்த நியாயத்தாலும் பொறுக்க முடியாது. ஆனால் கண்ணாடியை உடைத்தவனைக் கேட்கும் சட்டம் உடனே வேலைக்கு வந்தது, கண்ணாடிக்கு உள்ளே நடந்ததைக் கேட்கும் சட்டம் 21 ஆண்டு காத்திருந்தது என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் கவனிக்காமல் இருக்க முடியாது. மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசு கொண்டுவந்த 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், கட்டணப் பட்டியலை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கச் சொல்கின்றன. தனக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கும் தமிழ்நாடு அந்த மத்தியச் சட்டத்தை ஏற்கவில்லை.

தருமபுரியில் இந்த இடைவெளியின் விலை வேறு வகையில் தெரிகிறது. 2001 கணக்கெடுப்பில் இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். பெண் சிசுக்கொலைக்காக நாடு முழுவதும் பெயர் கெட்ட மாவட்டம் இது. தொட்டில் குழந்தைத் திட்டம், ஊர் ஊராக நடந்த கலைப்பயணங்கள், பெண்கள் குழுக்களின் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து 2011-இல் அந்த எண்ணை 910-க்கு மேலே கொண்டுவந்தன. பிறந்த குழந்தையை ஊர் கண்காணிக்கலாம். பிறக்காததை எப்படிக் கண்காணிப்பது? 2022-இல் தருமபுரியில், கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஸ்கேன் கருவியை வைத்துக் கருவின் பாலினம் சொல்லிவந்த கும்பல் பிடிபட்டது. அதற்குப் பிறகும் இதே மாவட்டத்தில் இதே குற்றத்துக்குக் கைதுகள் நடந்திருக்கின்றன. பாலினம் சொல்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1994-இல்.

இங்கே ஒரு கேள்வி நெருடுகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பம் பதிவாகிறது. தாய்க்கு எண் கொடுக்கப்படுகிறது. அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே சிரமம். முதல் இரண்டும் பெண் குழந்தைகளாக உள்ள வீட்டில் மூன்றாவது கர்ப்பம் நான்காம் மாதத்தில் பதிவேட்டிலிருந்து காணாமல் போனால் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். அத்தகைய மறைவுகள் எந்த ஊர்களில் கூடுகின்றன, எந்த மருத்துவமனையைச் சுற்றிக் கூடுகின்றன என்று வரைபடம் போட வேண்டிய தகவல் அரசின் கையிலேயே இருக்கிறது. போலீஸ் கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு செவிலியர் தனி ஆளாக நின்று பணபலம் உள்ள ஒருவருக்கு எதிராகச் சொல்வது நடக்கிற காரியம் இல்லை. ஊர்க் குழு என்று ஒன்று உயிரோடு இருந்தால் சொல்லலாம். கிராம சுகாதாரக் குழுவின் வங்கிக் கணக்குக்கு ஆண்டுதோறும் 10,000 ரூபாய் வரை வருவதாகத் திட்டம். அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதற்கே பதில் கிடைப்பது அரிது. இத்தனைக்கும் அதே ஊரின் நூறு நாள் வேலைக்கு, வருகைப் பதிவேட்டைக் கிராம சபையில் வைத்துத் தணிக்கை செய்ய 2005-ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது. மண் வெட்டிய கணக்கு சபைக்கு வரலாம், மருந்து கொடுத்த கணக்கு வரக் கூடாதா?

நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஓட்டைகளோடு. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அதற்கு வெளியே. அதாவது, பணம் கொடுக்க முடியாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போனவர் நுகர்வோர் ஆகமாட்டார். கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தினால் அது விலை கொடுத்த சேவையே என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு தனியாருக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இலவச நோயாளிக்கு அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு இருக்கிறது. அவசர சிகிச்சைக்கு இடமில்லை என்று அரசு மருத்துவமனை திருப்பி அனுப்பினால் அது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996-இல் மேற்கு வங்க வழக்கொன்றில் தீர்ப்பானது. அதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவு என்பது கிலோமீட்டரில் மட்டும் அளக்கும் விஷயமில்லை. 2018-இல் சாத்தூரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட வழக்கு நீதிமன்றத்தில் இழப்பீடு வரை போனதற்கு, நாடே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காரணம். யாரும் பார்க்காத வழக்குகளே அதிகம்.

எந்த வழக்குக்கும் அடிப்படை கேஸ் ஷீட். மருத்துவர்களின் நடத்தையை வரையறுக்கும் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்; நோயாளியோ அவர் அனுமதித்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும். நுகர்வோர் வழக்குக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். துக்கம் ஆறட்டும் என்று காத்திருப்பவர் ஆதாரத்தையும் காலத்தையும் சேர்த்து இழக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றே எல்லாம் என்று நினைப்பதும் தவறு. எந்த நேரத்தில் யார் பார்த்தார், எப்போது மேலே எழுதினார்கள் என்பது அந்தச் சீட்டில் இருக்காது, கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனியாருக்குப் பொருந்தாது என்பதும் பாதி உண்மைதான். வேறொரு சட்டத்தின்படி ஓர் அரசு அலுவலகம் தனியாரிடம் கேட்டுப் பெறக்கூடிய தகவலை, அந்த அலுவலகத்திடம் நாம் கேட்க முடியும் என்று சட்டத்தின் இரண்டாம் பிரிவே சொல்கிறது. மாவட்டத்தில் தனியார் மருத்துவமனைகளைப் பதிவுசெய்பவர் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். கேட்க வேண்டிய கதவு அது.

தமிழ்நாடு மறுபடியும் மக்களை அழைக்கத் தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உலக வங்கி 2019-இல் ஒப்புக்கொண்ட 28.7 கோடி டாலர் கடனோடு தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில் மாவட்ட சுகாதாரப் பேரவை, மாநில சுகாதாரப் பேரவை என்று கூட்டங்கள் நடந்தன. 2007-இல் பணம் வந்தபோது கூடி, பணம் நின்றபோது கலைந்த வரலாறு தருமபுரிக்கு இருக்கிறது. கடன் தவணை முடிந்த மறு ஆண்டும் பேரவை கூடுகிறதா என்பது முதல் சோதனை. இரண்டாவது சோதனை இன்னும் எளிது. மருத்துவமனையில் நிகழும் ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் 21 நாட்களுக்குள் பதிவாளருக்குப் போக வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். எனவே எந்த மருத்துவமனையில், அரசோ தனியாரோ, கடந்த ஆண்டு எத்தனை சிசுக்கள் இறந்தன என்ற எண் மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பேரவையில் மலர்ச்செண்டு, வரவேற்புரை, புதிய கட்டடங்களின் புகைப்படங்கள் எல்லாம் முடிந்த பிறகு அந்த ஒரு பக்கத் தாளைப் படிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பது அழைப்பிதழின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.